ரெண்டாவது கம்பம், வால்டாக்ஸ் ரோடு

விலாசம் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். வீடில்லாதவரிடம் போய் விலாசம் கேட்பதா என்று நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கூச்சப்பட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போவார்கள். "வால்டாக்ஸ் ரோடு, சைக்கிள் பார்ட்ஸ் கடைக்கு எதிர்சைடு, ரெண்டாவது கம்பம்." "பாரிஸ் கார்னர், மூடின பேங்க் ஷட்டரு, படிக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் வேற ஆளு." "எழும்பூர் டேஷனு பின்வாசல், ஆட்டோ ஸ்டாண்டு. மழை வந்தா மட்டும் சுரங்கப்பாதை." மழைக்காலத்துக்குத் தனி விலாசம் வைத்திருப்பவர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண், பிளாட் எண், முதல் குறுக்குத் தெரு என்று நான்கு வரி விலாசம் இருக்கிறது. கூரியர்காரர் இன்றைக்கும் போன் போட்டுத்தான் வழி கேட்கிறார்.

சேவை மனப்பான்மையால் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் என் தோழி சிரிப்பாள். கையெழுத்துதான் காரணம். பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றால் கட்டத்துக்குள்தான் நிற்கும். அவள் வடசென்னையில் வீடற்றவர்களுக்கான மாநகராட்சிக் காப்பகம் ஒன்றைக் கவனித்துவந்தாள். நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று வீதம், இரவும் பகலும் திறந்திருக்கும்படி காப்பகம் வேண்டும் என்று உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நெருக்கிய பிறகு பெருகிய காப்பகங்களில் அதுவும் ஒன்று. "நாலு ஃபாரம் எழுதிக் குடுத்துட்டுப் போயேன்" என்று கூப்பிட்டாள். ஃபாரம் எழுத ஐந்து நிமிஷம் போதும். அதில் எழுத வேண்டியதைத் தேடி எடுப்பதற்குத்தான் மாதக்கணக்கு ஆகிறது.

வால்டாக்ஸ் ரோடு என்று எழுதும்போதெல்லாம் அந்தப் பழைய கதை நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து முற்றுகையிட்டுப் போனார்கள். பிறகு ஹைதர் அலியின் குதிரைகள் வந்தன. அந்தப் பயத்தில் கும்பினியார் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். செலவை உள்ளே குடியிருப்பவர்களிடமே வரியாகத் தண்டிவிடலாம் என்பது திட்டம். வரி வசூலாகவே இல்லை, பெயர் மட்டும் தெருவுக்கு ஒட்டிக்கொண்டது. மதிலும் போய்விட்டது, வடக்கே ஒரு துண்டு மாடிப் பூங்காவாக நிற்கிறது. வசூலாகாத ஒரு வரிக்கு இருநூற்றைம்பது வருஷமாக அரசாங்கக் காகிதத்தில் இடம் இருக்கிறது. அந்தத் தெருவிலேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்ற கிழவிக்கு இல்லை.

அந்தக் கிழவியை எல்லோரும் ஆயா என்பார்கள். ஃபாரத்துக்குப் பெயர் வேண்டும் என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். அவளுடைய அம்மா கொத்தவால் சாவடியில் கூடை சுமந்தவள். இவளும் அங்கேயே கூடை சுமந்தாள், வெங்காயம் பொறுக்கினாள், முட்டைக்கோஸில் அழுகிய இலையை உரித்தாள். 1996இல் சந்தையைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். சந்தையோடு கூலியும் போயிற்று. தூங்குகிற இடத்தை மாற்றச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை, இருந்துவிட்டாள்.

"வயசு என்ன ஆயா?"

"நீயே பாத்துப் போட்டுக்க நைனா."

நானே பார்த்துப் போட முடியாது. முதியோர் உதவித்தொகைக்கு அறுபது ஆக வேண்டும். பிறந்த தேதியை ஆதாரில் ஒரே ஒரு முறைதான் திருத்த விடுவார்கள். இன்றைக்கு ஐம்பத்தைந்து என்று விளையாட்டாக எழுதிவிட்டால் அவள் ஐந்து வருஷம் பட்டினி கிடக்க வேண்டும். எனவே சென்னையின் பஞ்சாங்கத்தை எடுப்போம். இந்த ஊரில் வயதான யாரிடம் கேட்டாலும் மூன்று நாள்கள் பிசகாமல் நினைவிருக்கும்: எம்.ஜி.ஆர். சுடப்பட்ட நாள், அண்ணா இறந்த நாள், எம்.ஜி.ஆர். இறந்த நாள். 1967 ஜனவரி, 1969 பிப்ரவரி, 1987 டிசம்பர். அந்த நாளில் நீ என்ன உயரம், கல்யாணம் ஆகிவிட்டதா, இடுப்பில் குழந்தை இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போனால் வருஷம் தானாக வந்து விழும். இளையவர்கள் என்றால் சுனாமி.

ஆயாவிடம் அண்ணாவைச் சொன்னதுமே முகம் மலர்ந்துவிட்டது. "அப்பதாம்பா நான் பெரியவளாயி ஒரு மாசம். வெளிய போவக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிச்சு. பிளாட்பாரத்துல எது உள்ள, எது வெளிய? ஓடிட்டேன் பீச்சுக்கு. அம்மாங் கூட்டம். ஒத்தச் செருப்போட வந்தேன்."

பதின்மூன்று என்று வைத்தால் 1956. அப்படியே எழுதினேன். தேதி தெரியாதவர்களுக்கு வருஷம் மட்டும் போடலாம். இல்லையென்றால் ஜனவரி 1. நம் ஊர் அடையாள அட்டைகளை எல்லாம் கொட்டிக் குவித்தால் புத்தாண்டு அன்று பிறந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஜோதிடர்கள் மிரண்டுபோவார்கள்.

காகிதம் ஒன்றுமே இல்லாதவர்கள் என்று இவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். அது சரியில்லை. எல்லோரிடமும் ஒரு மஞ்சப் பை உண்டு. ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, அடகுக் கடை ரசீது, எப்போதோ ஒரு கட்சி கொடுத்த உறுப்பினர் அட்டை, செத்துப்போன கணவனின் பாஸ்போர்ட் சைஸ் படம், பாலிதீனில் நாலாக மடித்த பழைய ரேஷன் கார்டின் ஜெராக்ஸ். அந்தப் பை ஒன்று மழையில் போகும், இல்லையென்றால் காலையில் நடைபாதையைச் சுத்தம் செய்ய வரும் லாரியில் போகும். ஆயாவின் பை லாரியில் போனது. அவள் டீ வாங்கப் போயிருந்த நேரம். லாரியின் பின்னால் ரொம்ப தூரம் ஓடினாளாம். பையில் என்னென்ன இருந்தன என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியில், "மவன் படம் ஒண்ணு இருந்துச்சு" என்றாள். மகனைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, ஆவணங்கள் நனைந்துபோனவர்களுக்கெல்லாம் நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம் போட்டது. பத்திரம், பட்டா, மதிப்பெண் சான்றிதழ், கேஸ் புத்தகம் எல்லாம் ஒரே பந்தலுக்குக் கீழே. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் அரசாங்கத்தின் கணக்கில் இருந்தவர் தொலைத்தால் திரும்ப வாங்கலாம். முதலிலிருந்தே இல்லாதவர் எந்த மேஜைக்கு முன்னால் நிற்பது? அன்றைக்கு அப்படி நின்றவர்களில் சிலர் பிறகு எங்கள் காப்பகத்துக்கு வந்தார்கள். "இன்னா தொலைச்சேன்னு கேட்டாங்க சார். ஒண்ணும் தொலைக்கலன்னேன். அப்ப போன்னுட்டாங்க."

ஆதார் சட்டப்படி வழி இல்லாமல் இல்லை. காகிதம் இருந்தால் காகிதத்தைக் காட்டலாம். குடும்பத் தலைவரிடம் இருந்தால் அவரை வைத்து வாங்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் 'அறிமுகம் செய்பவர்' ஒருவர் வந்து, இவர் எனக்குத் தெரிந்தவர் என்று தன் விரலை வைத்துச் சொல்ல வேண்டும். 2009இல் ஆதார் ஆணையம் தொடங்கிய காலத்தில் ஆதாரே அதற்குத்தான், ஒரு காகிதமும் இல்லாத ஏழைக்கு முதல் காகிதம், என்று சொன்னார்கள். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் தெம்ப்ளி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் எண்ணை வழங்கியதும் அந்த எண்ணத்தில்தான். 2015இல் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது: அதுவரை வழங்கிய 83.5 கோடி எண்களில் அறிமுகம் செய்பவர் வழியாக வந்தவை 2.19 லட்சம். பதினாயிரத்துக்கு மூன்றுகூட இல்லை. மற்ற எல்லோரிடமும் ஏற்கெனவே வேறு அட்டைகள் இருந்தன. கார்டு இருந்தவர்களுக்கு இன்னொரு கார்டு கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்த அறிமுகம் செய்பவரை நான் தேடியிருக்கிறேன். அப்படி ஒரு ஆள் இருப்பதே பல மையங்களில் தெரியாது. ஆகவே இன்னொரு வழி: ஆணையத்தின் படிவத்தில் கெஸட்டட் அதிகாரி, எம்.எல்.ஏ., கவுன்சிலர் என யாராவது ஒருவர், படம் ஒட்டி, படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக முத்திரை குத்தித் தர வேண்டும். மூன்று மாதம் செல்லும். ஏழைக்கு இதில் எட்டக்கூடியவர் கவுன்சிலர்தான். காலையில் வீட்டு வாசலில் நின்றால் பார்த்துவிடலாம். சென்னையில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலரே கிடையாது. உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை என்பதைச் செய்தித்தாளில் அரசியலாகப் படித்தோம். நடைபாதையில் அது ஐந்து வருஷத்துக்கு மேல் முத்திரை இல்லாமை. ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் நல்ல மனநிலையில் இருக்கும் அதிகாரி ஒருவர் இருந்தார். "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதே, நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்பார். நியாயமான கேள்வி. அவர் அலுவலகத்தின் மதிலை ஒட்டித்தான் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சமைத்துச் சாப்பிடுகிறது. அவர் காரை நிறுத்த இடம் பிடித்துக் கொடுப்பவன் அந்தக் குடும்பத்துப் பையன்.

தெரியாது என்பதில்தான் எனக்கு எப்போதும் சிக்கல். அந்தத் தெருவில் ஆயாவைத் தெரியாதவர் யார்? டீக்கடை மாஸ்டருக்கு அவளுடைய சர்க்கரை அளவு தெரியும். ரோந்து வரும் ஏட்டுக்கு அவள் போர்வையின் நிறம் தெரியும். மருந்துக் கடைக்காரர் சீட்டு இல்லாமலே பிரஷர் மாத்திரை தருவார். என் தெருவில் நான் செத்தால் பால்காரர் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும். தெரிந்தவர் யாரும் அரசாங்கம் மதிக்கிற ஆள் இல்லை; அரசாங்கம் மதிக்கிற ஆளுக்கு இவளைத் தெரியாது. எங்கள் வேலை இந்த இரண்டு பேரையும் ஒரு மேஜைக்கு இழுத்து வருவது. 2018 ஜனவரியில் வீடற்றோர் காப்பக வழக்கைக் கேட்ட உச்ச நீதிமன்றமே, விலாசமில்லாதவருக்கு ஆதார் எப்படிக் கிடைக்கும், இவர்கள் அரசின் கண்ணுக்கு இல்லாதவர்களா என்ற பொருளில் கேட்டது. செய்தி வந்த அன்று தோழி அதைக் கத்தரித்துக் காப்பகத்துச் சுவரில் ஒட்டினாள். ஆயா படம் பார்த்துவிட்டு, "யாரு, புது கலெக்டரா?" என்றாள்.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அட்டை கேட்காத அரசாங்கக் கவுன்ட்டர் ஒன்று இந்த நகரத்தில் உண்டு. 2013இல் ஆரம்பித்த அம்மா உணவகம். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. யார், எந்த வார்டு, குடும்பத் தலைவர் யார், கேள்வியே இல்லை. காசை நீட்டினால் டோக்கன். 2020 ஊரடங்கில் அரிசி அட்டைக்கு ஆயிரம், 2021இல் நாலாயிரம் என்று நிவாரணம் வந்தபோது அட்டையில்லாத எங்கள் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள்; ஆனால் அந்த உணவகத்துக் கரண்டி அவர்களுக்கும் ஓடியது. அந்த யோசனை யாருடையதாக இருந்தாலும், அதில் அடையாளம் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அரசியல்வாதிகள் இட்லியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஆயாவுக்கு முத்திரை கிடைத்தது புதிய கவுன்சிலர்கள் வந்த பிறகு. ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போனோம். குளித்து, யாரிடமோ இரவல் வாங்கிய புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். பத்து விரலையும் கண்ணாடி மேல் வைத்தாள். இயந்திரம் ஏற்கவில்லை. ஈரத்துணியில் துடைத்து, காயவைத்து, மறுபடி. ஏற்கவில்லை. கூடை, ஈர வெங்காயம், பிறகு ஓட்டலில் பாத்திரம். ஐம்பது வருஷத்தில் ரேகை என்று ஒன்று எங்கே மிஞ்சும்? கண்ணைக் காட்டச் சொன்னார்கள். ஒரு கண்ணில் புரை. இயந்திரத்தை ஓட்டிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். சலிக்காமல் ஆயாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையால் பிடித்து அழுத்தினாள். "பாட்டி, கையத் தளர்த்துங்க. நான் அழுத்துறேன்." ரேகை விழாதவர்களுக்கு விதிவிலக்காகப் பதிய வழி இருக்கிறது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. தெரியாத இடங்களில் "ரேகை விழல, போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனவர் திரும்ப வருவதில்லை, ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். இந்த வேலையில் சட்டத்தைவிட மேஜைக்குப் பின்னால் இருக்கும் ஆள்தான் முக்கியம் என்று அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு நினைக்கத் தொடங்கினேன். இப்போது பதினெட்டு வயதைத் தாண்டிய எவருக்கும் புதிதாக ஆதார் என்றால் வருவாய்த் துறை விசாரித்து ஒப்புதல் தர வேண்டும்; ஆறு மாதம் வரை இழுக்கும். ஆறு மாதத்தில் நடைபாதை ஆள் எந்தக் கம்பத்தில் இருப்பார் என்று யார் சொல்ல முடியும்?

ரேகை என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். சென்ட்ரல் பக்கத்தில் இரவில் நடந்துகொண்டே இருந்தவர் என்று போலீசார் காப்பகத்தில் விட்டார்கள். பேச மாட்டார். எந்த மொழி என்றே தெரியவில்லை. சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், மூலையில் உட்கார்ந்துவிடுவார். ஆதார் பதிந்தோம். ரேகை அருமையாக விழுந்தது. சில வாரத்தில் பதிவு நிராகரிக்கப்பட்டதாகத் தகவல். ஏற்கெனவே இந்த விரலுக்கு எண் இருக்கிறதாம். சாதாரணமாக நிராகரிப்பு என்றால் அன்று சோறு இறங்காது. அன்றைக்குத் தோழி துள்ளிக் குதித்தாள். இவர் எங்கோ ஒரு ஊரில் யாரோ! அதன் பிறகு மையத்துக்கும் அலுவலகத்துக்குமாக நடந்து பழைய எண்ணைத் தேடி எடுத்தோம். ஆந்திராவில் கடலோரக் கிராமம். தம்பி வந்தார், இரவு ரயிலில், அவருடைய மனைவியும் கூட. அண்ணனைப் பார்த்ததும் தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் பதில் சொன்னார்! குரல் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். நாட்டில் பல காப்பகங்களில் இதே மாதிரி நடந்திருக்கிறது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோருக்கும் பிடிக்கும். நான் எங்கே பேசப் போனாலும் இதைத்தான் சொல்லச் சொல்கிறார்கள். அதே காப்பகத்தில் அதே மாதத்தில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாற்பது வயதிருக்கும், துப்புரவாக இருப்பாள், அழகாகத் தமிழ் பேசுவாள், கணக்குப் பார்ப்பாள். ஆதார் பதிய அவள் முறை வந்தபோது, ரேகை வைத்தால் பழைய ஊர் தெரிந்துவிடுமா என்று கேட்டாள். தெரிய வாய்ப்பிருக்கிறது என்றேன். "வூட்டுக்காரருக்கு?" அவருக்குத் தகவல் போகாது, ஆனால் பழைய விலாசத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் அவள் படுக்கை மடித்து வைத்தபடி இருந்தது, ஆள் இல்லை. தன்னைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்காகவே தெருவுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். கடன், அடி, ஜாதி மாறிக் கட்டிக்கொண்ட கல்யாணம். அவர்களுக்குக் காகிதம் என்பது வாசலைத் திறந்து வைப்பது. எல்லோருக்கும் அட்டை வாங்கித் தருவதே தர்மம் என்று ஆரம்பத்தில் இருந்த உற்சாகம் அதற்குப் பிறகு எனக்குத் தணிந்துவிட்டது. வேண்டுமா என்று முதலில் கேட்கிறேன், ஏன் வேண்டும் என்றும் கேட்கிறேன்.

ஏன் என்று கேட்டால் வரும் பதில்கள் உதவித்தொகை, ரேஷன் என்றுதான் இருக்கும் என்று நினைப்போம். ஒருவர் பிராட்வேயில் மூட்டை தூக்குபவர். பூர்வீகம் திருவண்ணாமலைப் பக்கம், ஊருக்குப் போய் முப்பது வருஷம் ஆகிறது. அட்டையில் ஊர் விலாசம்தான் போட வேண்டும் என்று பிடிவாதம். இப்போது எங்கே இருக்கிறாயோ அதைத்தான் போட வேண்டும், தபால் அங்கேதான் வரும் என்று விளக்கினேன். "தபால் எனக்கு எவன் போடுறான்? நான் ரோட்டுல வுழுந்து செத்தா பாக்கெட்டுல இது இருக்கும். போலீஸ்காரன் எங்கூரு பேரைப் பாத்துத் தாக்கல் சொல்லுவான். எங்கக்கா இருக்குது சார். வந்து ஒரு பிடி மண்ணு போடும்." இல்லாவிட்டால் பிணவறையில் எண் போட்டு, சில நாள் வைத்திருந்து, அநாதைப் பிணம் என்று எழுதிப் புதைத்துவிடுவார்கள் என்பதை அவர் பார்த்திருக்கிறார், கூட்டாளி ஒருவரை அப்படித்தான் அனுப்பினார்களாம். விதிப்படி பிராட்வே விலாசமே எழுதினோம். அட்டை வந்ததும் அதன் பின்புறத்தில் அக்கா பெயரையும் ஊரையும் என் கையாலேயே பொடி எழுத்தில் எழுதி, லேமினேட் செய்து கொடுத்தேன். சட்டப்படி அப்படி எழுதலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

பிள்ளைகள் விஷயம் வேறு மாதிரி. ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பதிவு இருக்கும். தாய் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அதோடு ஒரு வருஷம் மல்லுக்கட்ட வேண்டும். நடைபாதையிலேயே பிறந்து, ஒரு வருஷமும் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டும். முன்பு மாஜிஸ்திரேட் உத்தரவு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து வேலை வரைக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்று ஒன்றுதான் செல்லும் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இன்று கைக்குழந்தையாக இருப்பவளுக்கு நாளைக்கு அண்ணாவையும் எம்.ஜி.ஆரையும் கேட்டு வயது போட முடியாது. 2019இல் லண்டனில் தெருவோரச் சிறுவர்களுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தது. கருணாலயா என்ற அமைப்பின் வழியாகச் சென்னைப் பிள்ளைகளும், மும்பைப் பிள்ளைகளும் சேர்ந்த தென்னிந்திய அணி லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தை வென்று கோப்பையை வாங்கியது. அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு ஆட்டம் கண்ணில் படவில்லை. நடைபாதையில் வளர்ந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வாங்க யாரோ எத்தனை படி ஏறியிருப்பார்கள் என்றுதான் ஓடியது.

ரேஷன் கார்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிற்காது. தனிச் சமையல் இருக்கிறதா என்று வந்து பார்ப்பார்கள். மூன்று கல், ஒரு சட்டி, சுள்ளி. இதைவிடத் தனியாக எப்படிச் சமைப்பது என்று ஆயா கேட்டாள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வந்தபோது ரேஷன் கார்டை வைத்துத்தான் விண்ணப்பம் என்பதால், எல்லோரையும்விட அது தேவைப்பட்ட பெண்கள் வெளியே நின்றார்கள். சிலருக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கினார்கள். போனவர்கள் எல்லா அட்டையிலும் விலாசத்தை மாற்ற வேண்டியிருந்தது. அட்டை இல்லாதவர்கள் நடைபாதையில் இருந்தார்கள் என்பதற்கே சான்று இல்லாமல் பட்டியலில் விடுபட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்குப் பிடித்த விதி ஒன்று தேர்தல் ஆணையத்தில் இருக்கிறது. வீடற்றவர் படிவம் 6இல் எந்த இடத்தைத் தன் விலாசமாக எழுதுகிறாரோ, அங்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் போய்ப் பார்க்க வேண்டும். அவர் அங்கே தூங்குகிறார் என்று உறுதியானால் விலாசத்துக்கு வேறு காகிதமே வேண்டாம். ஒரு ராத்திரி போதாது, ஒன்றுக்கு மேல் போய்ப் பார்க்க வேண்டும். தூக்கத்தைச் சான்றாக ஏற்றுக்கொள்ளும் ஒரே அரசு விதி எனக்குத் தெரிந்து இதுதான். எழுதியவர் யாரோ, ஒரு இரவாவது சென்ட்ரலுக்கு எதிரே நடந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆயாவுக்காக வந்த அலுவலர் அங்கன்வாடி ஊழியர். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, தூரத்தில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பத்தரை. ஆயாவின் இடத்தில் கோணி விரித்திருந்தது, ஆயா இல்லை. கட்டணக் கழிப்பறை பதினொன்றுக்கு மூடிவிடும், போயிருக்கிறாள் என்று பக்கத்துக் குடும்பம் சொன்னது. அலுவலர் நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. பகலெல்லாம் பிள்ளைகளுக்குச் சத்துமாவு பிசைந்தவர், கால் வலித்திருக்கும். நடைபாதைத் திண்டில் உட்கார்ந்தார். ஆயா வந்தாள். "நீயாம்மா கெவுருமென்ட்டு? சாப்ட்டியா?" அடுத்த இரவும் அவர் வந்தார். அன்று ஆயா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லாமல் டார்ச்சை முகத்தில் அடிக்காமல் கால் பக்கம் அடித்துப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார். அட்டை டீக்கடை விலாசத்துக்கு வந்தது. தபால்காரருக்கு ரெண்டாவது கம்பம் தெரியும், இருந்தாலும் கையெழுத்துப் போட ஒரு கதவு இருந்தால் நல்லது என்றார்.

உதவித்தொகை மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. 2023இல் ஆயிரத்தை ஆயிரத்து இருநூறாக உயர்த்தினார்கள். ஆயா ஒவ்வொரு முறை என்னைப் பார்க்கும்போதும் அந்த இருநூறையும் சேர்த்தே கேட்கிறாள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்துகிறோம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுக்க ஆரம்பித்தபோது, கம்பம் கம்பமாக யார் கொடுப்பது என்று மறுபடி அலைச்சல். நானும் மறுபடி பேனாவோடு போய் உட்கார்ந்தேன். இந்த முறை ஆயா எனக்குப் பக்கத்தில் கோணியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர்களை முதலில் அவள் விசாரிப்பாள். பெயர், அம்மா பெயர், மழைக்கு எங்கே போவாய், யாரைத் தெரியும். திருப்தியானால்தான் என் பக்கம் தள்ளுவாள்.

பூந்தமல்லி பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் மூன்று வருஷமாக இந்தத் தெருவில்தான் இருக்கிறேன் என்றான். நான் எழுதப் போனேன். ஆயா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"மூணு வருசம்னு போடாத நைனா. போன ஆடிக்கு முன்ன இவன் இங்க கெடையாது. யானைகவுனியில இருந்தான். நான் கையெழுத்துப் போடுற எடம், பொய்யெல்லாம் எழுதக் கூடாது."

பையன் முறைத்தான். பிறகு, "ஆமா சார், யானைகவுனிதான்" என்றான். அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.